மழையில் மட்டும் இருக்கும் பாதை

நம் அலுவலக மன்றத்தின் ஆண்டு மலரில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்குவது வழக்கம். அந்தப் பக்கங்களுக்கு என்னிடம் கட்டுரை கேட்டபோது முதலில் சிரித்துவிட்டேன். எனக்கு வயது முப்பத்திரண்டு. அங்கே இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். ஆனாலும் விதிப்படி பார்த்தால் நானும் ஓய்வு பெற்றவள்தான். திருமணமான பெண்ணுக்கு அப்போது நம் வரைபடப் பிரிவில் இடமில்லை. கல்யாணப் பத்திரிகையையும் ராஜினாமாக் கடிதத்தையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு வெளியே வந்தவள் நான்.

கேட்டவள் வசந்தா. நான் உட்கார்ந்திருந்த ஜன்னலோர மேசையில் இப்போது உட்காருகிறவள். உறவினர் வீட்டு விசேஷத்துக்காக, நான் வாழ்க்கைப்பட்டு வந்த பத்ராவதி வரை வந்தவள், என் வீட்டைத் தேடிப் பிடித்து வந்தாள். காபியை ஆறவிட்டு அவள் முதலில் கேட்டது கட்டுரையை அல்ல.

“அக்கா, எண்ணூர் ஷீட்டை மறுபடி வரையறோம். கழி ஓரமா ஒரு கோடு போகுது. நீளக் கோடு, ரெண்டு புள்ளி, மறுபடி நீளக் கோடு. நம்ம குறிப் பட்டியல்ல அந்த மாதிரி குறியே கிடையாது. பக்கத்துல ஏதோ எழுத்து, நகல்ல மங்கிப் போயிருக்கு. சர்வே ஆளுங்க சித்திரை வெயில்ல போய்ப் பாத்துட்டு, அங்க வெறும் முள்ளுதான் இருக்குன்னு எழுதிட்டாங்க. எடுத்துடலாமா? மூலையில உங்க இனிஷியல் இருந்துச்சு. அதான் கேக்கறேன்.”

எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். அவளுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலும் மலருக்குத் தர வேண்டிய கட்டுரையும் ஒன்றுதான்.

நான் வேலைக்கு வந்தது யுத்தம் முடியும் தறுவாயில். ஆண்கள் பலர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் பென்சில் படத்தை மையால் நகலெடுக்கும் ட்ரேசர் வேலைக்குப் பெண்களை எடுத்தார்கள். அதற்கு முன் ஒரு தொழிற்பள்ளியில் எழுத்து வரைவதும் கோடு இழுப்பதும் கற்றிருந்தேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாதக்கணக்கில் நேர்கோடு, பிறகு வளைகோடு, பிறகு ஆங்கில எழுத்துகள். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மொத்த மளிகைக் கடை வைத்திருந்தவர். “நெழல்ல இருந்து செய்யுத வேல. போயிட்டு வா” என்று அனுப்பினார். நிழலில் இருந்து செய்கிற வேலை என்பது பாதிதான் உண்மை என்று அவருக்கும் அப்போது தெரியாது, எனக்கும் தெரியாது.

ட்ரேசிங் துணியைப் புதியவர்களில் சிலர் இனி பார்க்காமலே போகலாம் என்று வசந்தா சொன்னாள். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பசை ஏற்றி, மெழுகு போட்டதுபோல் மினுங்கும் மெல்லிய நூல்துணி அது. பென்சில் படத்தின் மேல் அதை விரித்து, சாக்பீஸ் பொடியைத் தூவித் துடைத்தால்தான் மை பிடிக்கும். முதலில் வளைவுகள், அப்புறம் நேர்கோடுகள், கடைசியில் எழுத்துகள். ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் அந்த இடத்தில் பசை கரைந்து வெள்ளையாகத் திட்டு விழும். பிறகு எடுக்கிற ஒவ்வொரு நகலிலும் அந்தத் திட்டும் விழும். அதனால் மணிக்கட்டின் கீழே கைக்குட்டை. நெற்றியில் ஒரு துணிப்பட்டை. எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு: கீழே இருக்கும் படத்தில் இல்லாத எதையும் ட்ரேசர் மேலே போடக் கூடாது. கோடு தப்பாக இருக்கிறது என்று தெரிந்தாலும் அதை அப்படியே இழுத்துவிட்டு, தனித் தாளில் குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும்.

மேலே என்றால் வேணுகோபால் சார். வரைபடப் பிரிவின் தலைவர். வெயில் காலத்திலும் கோட்டைக் கழற்றமாட்டார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. முடிந்த படத்தை அவர் மேசையில் விரித்தால், முதல் வேலையாக அதைத் தலைகீழாகத் திருப்பிவிடுவார். வடக்கு அவர் பக்கம் வந்துவிடும். “நாம எல்லாரும் தெற்கிலேர்ந்து பாத்துப் பழகிட்டோம்மா. எண்ணூர்க்காரன் வடக்கிலேர்ந்துதான் பட்டணத்துக்கு வர்றான். அவன் வர்ற மாதிரி ஒரு தடவை வந்து பாக்கலாம்” என்பார். விரல் படாமல், ஒரு ஊதா பென்சிலின் பின்முனையால் எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை படத்தின் மேல் நடந்து வருவார். எங்காவது பென்சில் நின்றால் நாங்களும் குனிந்து அந்த இடத்தைப் பார்ப்போம். கடைசியில் கையெழுத்துப் போடுமுன் ஒரே கேள்வி.

“நடந்தாச்சா?”

சனிக்கிழமை அரை நாள். மதியத்துக்கு மேல், யார் எந்தப் படத்தை வரைகிறார்களோ அவர்கள் அந்த இடத்தை நடந்து பார்க்க வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். அலுவலக விதிப் புத்தகத்தில் அது கிடையாது. நாலைந்து பேராகப் போவோம். சார் குடையோடு முன்னால். அளவுச் சங்கிலி பிடிக்கும் ஏழுமலை பின்னால். ஏழுமலை காசிமேட்டுக்காரர். வாய் சும்மா இருக்காது.

“பெரியவரு ஒரு கோட்டுக்கு ஒரு செருப்பு தேய்க்கிறாரு. சர்க்காரு இன்னா செருப்பா குடுக்குது?” என்பார்.

“உனக்கென்ன ஏழுமலை, நீ வெறுங்காலோட வர்ற” என்று நாங்கள் சொன்னால், “காலு தேயுதேம்மா! அத்த இன்னா கணக்குல எழுதுறது?” என்று பதில் வரும்.

இங்கே மலை சூழ்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் அந்த நடைகளை வரிசையாக நினைத்துப் பார்ப்பதுண்டு. தூக்கம் வராத மத்தியானங்களில் ராயபுரம் ஸ்டேஷனில் தொடங்குவேன். உயரமான அதன் தூண்கள், அவற்றின் நடுவே எப்போதும் தூங்கும் ஒரு நாய். அங்கிருந்து காசிமேட்டு மணல், கவிழ்த்துக் காயவைத்த கட்டுமரங்கள், தார் வாசனை. பிறகு தண்டையார்பேட்டை எண்ணெய்த் தொட்டிகள். காலையில் அவை வெள்ளை. மாலையில் மேற்கு வெயில் பட்டால் பித்தளைக் குடங்கள் மாதிரி இருக்கும். மேற்கே ஒதுங்கினால் கொருக்குப்பேட்டையின் நடைபாலம். அதன் உச்சியில் நின்று பார்த்தால் கீழே சரக்கு வண்டிகள் சேர்வதும் பிரிவதுமாகத் தண்டவாளங்கள் வெயிலில் சிக்கல் பிரித்த நூல்போல் கிடக்கும். எஞ்சின் புகை நம் முகத்துக்கே வரும். கைக்குட்டையை எடுக்காமல் நிற்பவர்களைத்தான் சார் மறுபடி கூட்டிக்கொண்டு போவார் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை.

அதற்கு வடக்கே கால்வாய். சவுக்கு விறகும் உப்பும் ஏற்றிய படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். மூடிப்போன ஒரு ஆலையின் புகைபோக்கி அங்கே இருந்தது. அதன் வாயில் ஒரு அரசமரம் முளைத்திருந்தது. புகை வரவேண்டிய இடத்தில் இலைகள் ஆடும். திருவொற்றியூர் வந்தால் கோபுரமும் புகைபோக்கிகளும் ஒரே வானத்தில். எந்த இடத்தில் நின்றால் கோபுரம் இரண்டு புகைபோக்கிகளுக்கு நடுவில் சரியாக வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். படத்தில் அந்த இடத்துக்குக் குறி கிடையாது. பார்வைக்கு எதற்குமே குறி கிடையாது. அதற்கும் வடக்கே கூரை போன உப்புக் கிடங்கு ஒன்று, துருப்பிடித்துக் கழுத்து வளைந்து நிற்கும் பாரந்தூக்கி ஒன்று. அப்புறம் எண்ணூர்.

கடல்நீர் உள்ளே ஏறி நிற்கும் எண்ணூர்க் கழியின் ஓரத்தில் அப்போது ஒரு சின்னக் குப்பம் இருந்தது. கழியில் இறங்கி இறால் பிடிப்பவர்கள். அவர்களுக்கும் ரோட்டுக்கும் நடுவே உப்பளங்கள். உப்பளங்களின் ஓரமாக நீளமாக ஒரு மண்மேடு. ஒரு காலத்தில் உப்பைத் தள்ளுவண்டிகளில் ஏற்றிக் கால்வாய்ப் படகுக்குக் கொண்டுபோக, சின்னத் தண்டவாளம் போட்ட மேடு அது. முதல் யுத்தத்தின்போதே இரும்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மேடு மட்டும் மிஞ்சியது. குப்பத்தார் அதை டிராலி மேடு என்பார்கள்.

நான் அதை முதலில் பார்த்தது ஒரு ஐப்பசிச் சனிக்கிழமை. அன்று சாருக்குக் காய்ச்சல். மழை என்று மற்றவர்களும் கழன்றுகொண்டார்கள். நானும் ஏழுமலையும்தான் போனோம். உப்பளம் முழுக்க ஒரே தண்ணீர். வரப்பு எது, பாத்தி எது என்று தெரியவில்லை. அந்தத் தண்ணீரின் நடுவே மேட்டின் மேல் வரிசையாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கத் தண்ணீர் மேல் நடந்து வருவதுபோல் இருந்தது. முதலில் வந்தவள் அஞ்சலை. தலையில் இறால் கூடை, கூடையின் மேல் கவிழ்த்த தகரத் தட்டு. மழை அதில் தாளம் போட்டது.

“யாருய்யா அது, மழைல பொம்பளய நிக்க வெச்சிகினு?” என்று ஏழுமலையிடம் கேட்டாள்.

“நான் எங்க நிக்க வெச்சேன்? அது சர்க்காரு படம் போட்ற அம்மா. தானா நிக்குது.”

“மழையவா படம் போட்றீங்க?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். “ஏறி வாம்மா மேல. கீய நின்னா ஒண்ணியும் தெரியாது.”

ஏறினேன். தெற்கே திரும்பினேன். சாம்பல் நிறத் தண்ணீர், அதற்கப்பால் திருவொற்றியூர்ப் புகைபோக்கிகள், மழைக்குள் கரைந்தும் கரையாமலும் கோபுரம், கிழக்கே கடலில் துறைமுகத்துக்காகக் காத்து நிற்கும் இரண்டு கப்பல்கள். எல்லாம் ஒரே பார்வையில். நான் வரைந்த நான்கு ஷீட்டுகளும் ஒட்டி ஒன்றானதுபோல் இருந்தது. நான் இன்னும் அந்த மேட்டில்தான் நிற்கிறேன் என்று சில சமயம் தோன்றும்.

அதன்பின் அஞ்சலையை அடிக்கடி பார்த்தேன். ராயபுரம் மார்க்கெட்டில், எங்கள் கடைக்கு எதிர்ச் சாரியில்தான் அவள் கூடை இறக்குவாள்.

இனி அந்தக் கோட்டின் கதை. சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் கழித்து, எண்ணூர்ப் பக்கம் சரக்குக் கிடங்குகளுக்கு இடம் எடுக்கத் திட்டம் வந்தது. உப்பளத்தின் ஒரு பகுதியை மண் போட்டு உயர்த்த வேண்டும். சர்வே முடிந்து பென்சில் படம் என் மேசைக்கு வந்தது. குப்பத்திலிருந்து ரோட்டுக்கு உப்பள வரப்புகளின் மேல் ஒற்றையடிப் பாதை புள்ளிபுள்ளியாகப் போட்டிருந்தது. அது சரி. கோடையில் எல்லாரும் அந்தக் குறுக்கு வழியில்தான் நடப்பார்கள். கிடங்கு வந்தாலும் அதன் ஓரமாக அந்தப் பாதைக்கு இடம் விட்டிருந்தார்கள். டிராலி மேட்டின் மேல் மட்டும் ‘கைவிடப்பட்ட மேடு, மண் இங்கிருந்து எடுக்கப்படும்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

மை தொட்ட பேனாவைக் கீழே வைத்தேன். மேட்டை வெட்டிவிட்டால் மழை மாதங்களில் அந்தக் குப்பத்துக்கு வெளியே வர வழி கிடையாது. கழியில் தோணி விடலாம். ஆனால் வெள்ளம் இழுக்கும் நாளில் யாரும் விடமாட்டார்கள்.

விதிப்படி கோட்டை அப்படியே இழுத்தேன். தனித் தாளில் குறிப்பு எழுதி சாரிடம் கொண்டுபோனேன். படித்தார். படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். பென்சிலின் பின்முனை குப்பத்திலிருந்து கிளம்பி மேட்டருகே நின்றது.

“நடந்தாச்சா?”

“நடந்திருக்கேன் சார். மூணு வருஷத்துக்கு முந்தி. மழையில.”

“அது மூணு வருஷத்துக்கு முந்தின படம். இப்ப நடந்து பாத்துடுவோம்.”

அந்தச் சனிக்கிழமை சாரும் நானும் ஏழுமலையும் போனோம். திட்டத்தின் பொறுப்பிலிருந்த இளம் எஞ்சினியரும் வந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். வைகாசி வெயில். உப்பின் வெள்ளையில் கண் கூசியது. வரப்புப் பாதை தெளிவாக இருந்தது. மேட்டருகே போனால் ஒரு ஆள் உயரத்துக்கு முள். ஒரு ஆடு நுழைய வழியில்லை. ஏழுமலை சங்கிலிக் குச்சியால் முள்ளை விலக்கிப் பார்த்தார். தரையில் ஒரு கால் தடம் இல்லை. நான் நின்ற இடம் அதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“இதுவா பாதை?” என்றார் எஞ்சினியர். கேலியாக அல்ல, நிஜமாகவே புரியாமல்.

“மழைல தொறந்துக்கும் சார்” என்றார் ஏழுமலை.

“தானா திறந்துக்குமா? கதவா அது? வேணு சார், பாக்கிறதைத்தானே நாம போட முடியும்? ஒரு ட்ரேசரும் சங்கிலி ஆளும் ஞாபகத்துலேர்ந்து சொல்றாங்கன்னு டெண்டரை நிறுத்தினா நான் மேல என்ன சொல்றது?”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் போடு என்றுதான் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குப்பத்தில் போய்க் கேட்டுவிடலாம் என்று நான் வாயெடுத்தேன். சார் வேண்டாம் என்று தலையசைத்தார். டெண்டர் வெளிவருமுன் திட்டத்தைப் பற்றி வெளியாரிடம் பேசக் கூடாது. பேசினால் படமே செல்லாது. படத்தோடு எங்கள் வேலையும்.

திங்கட்கிழமை அவர் அந்த ட்ரேசிங்கில் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து வரும் கட்டத்தில் ஊதா பென்சிலால் ‘மழைக்காலத்தில் நடந்து சரிபார்க்கப்படவில்லை’ என்று எழுதி வைத்துவிட்டார். அந்த வாசகத்தோடு ஒரு படம் டெண்டருக்குப் போகாது. அவருக்கு ஓய்வு பெற ஒரு வருஷம்கூட இல்லை. எனக்கு வருஷா வருஷம் நீட்டிக்கும் தற்காலிக வேலை. மேலேயிருந்து அழைப்பு வரும். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போவார். திரும்பி வந்து கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்காருவார். என்ன சொன்னார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை, என் மேசையருகே நின்று, “அம்மா, அன்னைக்கு மழையில ஆளுங்க வரிசையா வந்தாங்கன்னு சொன்னீங்களே. கனவு இல்லையே?” என்றார்.

“இல்ல சார். தட்டுல மழை விழுந்த சத்தம்கூட ஞாபகம் இருக்கு.”

“சரி” என்று போய்விட்டார்.

அந்தக் கோடை எனக்கு நீளமாக இருந்தது. ஆவணியில் ஒரு நாள் மார்க்கெட்டில் அஞ்சலை என்னைக் கூப்பிட்டாள்.

“இன்னா எஸ்தரம்மா, மொகமே செரியில்ல? ஆபீஸ்ல பேஜாரா?”

“ஒண்ணுமில்ல. உங்க பொண்ணு எப்படி இருக்கா?”

“அவளுக்கு இன்னா, ராணி மாதிரி குந்திகினு கீறா. காத்திக மாசம் ஆவும்னு இங்க ராயபுரம் ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. மொத புள்ள. வூட்ல வெச்சிப் பாக்க எனக்கு தெகிரியம் இல்ல.”

“கார்த்திகைல மழை நல்லா பிடிச்சுக்குமே.”

“புடிக்கட்டுமே! டிராலி மேடு கீது. கட்டில்ல போட்டு நாலு ஆளு தூக்கினா ரோட்டுக்கு வந்துரப் போறோம். அவ பொறந்தப்பவும் அப்டித்தான்.”

கூடையிலிருந்து ஒரு கை இறாலை அள்ளி என் பையில் போட்டாள். வேண்டாம் என்றேன். “எடுத்துகினு போ. மொகத்த இப்டி வெச்சிகினு நின்னா எனுக்கு யாவாரம் ஆவாது” என்றாள். திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ஊரே மேட்டில் வந்து நின்றிருக்கும். படம் செல்லாமல் போயிருக்கும். வேறு யாராவது வேறு படம் போட்டு மேட்டை வெட்டியிருப்பார்கள். நான் வீட்டுக்கு வந்து இறாலை உரித்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை வரவில்லை. நாங்கள் மூவரும் வானத்தைப் பார்ப்பதை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டோம். எஞ்சினியர் கடைசிக் கெடு ஒன்று வைத்தார். கெடுவுக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை பகலெல்லாம் மழை கொட்டியது. அலுவலகத்தில் துணி சுருங்கிவிடும் என்று ட்ரேசிங் எதையும் விரிக்கவில்லை. எல்லாரும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். சார் மாடிக்குப் போய் எஞ்சினியரை அவரே அழைத்தார். “நாளைக்கு வாங்க. பாதை இல்லைன்னா அங்கேயே கையெழுத்துப் போடறேன். படத்தைக் கையோட எடுத்துக்கிட்டு வர்றேன்.”

தகரக் குழாயில் படத்தை வைத்து மெழுகுத்துணி சுற்றி ஏழுமலை தோளில் மாட்டிக்கொண்டார். ரோட்டை விட்டு இறங்கும்போது தூறல்தான். உப்பளம் தண்ணீராகக் கிடந்தது. எஞ்சினியர் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு மேடு இருக்கும் திசையைப் பார்க்கவும் பயமாக இருந்தது.

சத்தம்தான் முதலில் வந்தது. கத்தி முள்ளில் விழும் சத்தம். ஒன்று, அப்புறம் பல.

வீட்டுக்கு ஒரு ஆளாகக் குப்பத்தார் வந்திருந்தார்கள். ஆண்களும் பெண்களுமாக மேட்டின் மேல் முள்ளை வெட்டிச் சரிவில் தள்ளிக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் செம்மண்ணாக, ஈரமாக, பாதை நீண்டு கிடந்தது. அஞ்சலை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நின்றாள்.

“அடடே, படம் போட்றவங்க! மழ பேஞ்சாத்தான் வருவீங்களா நீங்கல்லாம்? யாரு இந்தப் பூட்ஸு சாரு? கால்ல போடாம கைல போட்டுகினு வராரு?”

எஞ்சினியர் சிரித்துவிட்டார். “இதை எப்பவுமே இப்படித்தான் வெட்டுவீங்களா?”

“மொத மழ பேஞ்ச மறுநாளு. எங்க மாமனாரு காலத்துலேந்து.”

“அப்ப வெயில் காலத்துல ஏன் அடைச்சுப்போக விடறீங்க? வருஷம் பூரா வெச்சுக்கலாமே?”

அஞ்சலை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “தொறந்து வெச்சா உப்பு வண்டி ஏறும் சாரு. வண்டி ஏறுனா மேடு ஒடையும். மேடு ஒடஞ்சா, மழைல எங்கள நீயா தூக்கினு போவ? அதான் மாசி வந்தா அப்டியே வுட்ருவோம். முள்ளு காவ காக்கும்.”

சார் குடையை மடக்கினார். மேட்டின் மேல் ஏறி, வடக்கே குப்பம் வரை நடந்தார். திரும்பித் தெற்கு முகமாக நடந்து வந்தார். படத்தில் அவர் பென்சில் எப்போதும் வரும் திசை அது. நடுவில் ஓரிடத்தில் நின்றார். நான் முன்பு நின்ற அதே இடமா என்று தெரியாது. ஆனால் அவரும் புகைபோக்கிகளையும் கோபுரத்தையும் கப்பல்களையும் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். கோட்டு நனைந்துகொண்டிருந்தது.

எஞ்சினியர் என்னிடம் வந்தார். “மண்ணை வேற இடத்துலேர்ந்துதான் எடுக்கணும். நான் எழுதிடறேன்” என்றார். கொஞ்சம் தயங்கி, “வெயில்ல நீங்க சொன்னப்ப எனக்கு நம்பிக்கை வரலை” என்றார்.

“எனக்கே வரலை சார்” என்றேன். அதுதான் உண்மை.

இதையெல்லாம் எப்படிப் படத்தில் போடுவது என்பது அடுத்த பிரச்சினை. புள்ளிக்கோடு போட்டால் எப்போதும் உள்ள பாதை என்று அர்த்தம். போடாவிட்டால் பாதை இல்லை என்று அர்த்தம். வருஷத்தில் பாதி இருந்து பாதி இல்லாத பாதைக்குக் குறி கிடையாது. சார் தன் மேசையில் ஒரு துண்டுத் தாளில் நான்கைந்து விதமாகக் கோடு போட்டுப் பார்த்தார். கடைசியில் ஒன்றைக் காட்டினார். நீளக் கோடு, இரண்டு புள்ளி, நீளக் கோடு. பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘மழைக்காலப் பாதை’ என்று ஆங்கிலத்தில்.

“பிளேடால பழைய எழுத்தைச் சுரண்டுங்க. துணி பொத்துக்காம. அப்புறம் இதைப் போடுங்க. ஓரத்துல உங்க இனிஷியல் வைங்க.”

“ட்ரேசர் இனிஷியல் வைக்கிற வழக்கம் இல்லையே சார்.”

“நடந்தவங்க வைக்கலாம்.”

வெயில் வந்து துணி சுருக்கம் விட்ட நாளில் அந்தக் கோட்டை இழுத்தேன். என் வேலைக்காலத்தில் இழுத்த கோடுகளை எல்லாம் சேர்த்தால் எவ்வளவு தூரம் வரும் என்று எனக்குத் தெரியாது. நினைவில் கையோடு நிற்பது அந்த ஒன்றுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் பேனாவை எடுத்து வைத்தேன். கைக்குட்டை நனைந்திருந்தது.

கார்த்திகையில் ஒரு காலை அஞ்சலை மார்க்கெட்டில் கூடை இறக்கியதும், எங்கள் கடை வாசலுக்கே வந்து கத்தினாள். “பேத்தி! கட்டில்ல தூக்கினு வந்தோம். இடுப்பளவு தண்ணி ரெண்டு பக்கமும். மேட்டுல ஒரு சொட்டு நிக்கல!” அப்பா கல்லாவிலிருந்து எழுந்து என்னைப் பார்த்தார். எதற்காக எனக்கு அழுகை வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. “ஏட்டி, அவ பேத்திக்கு நீ ஏன் அழுத?” என்றார்.

சார் சித்திரையில் ஓய்வு பெற்றார். சனிக்கிழமை நடைகள் மெல்ல நின்றுபோயின. அடுத்த வருஷம் எனக்குத் திருமணமாகி இங்கே வந்தேன். இங்கே வீட்டு ஜன்னலில் மலை தெரிகிறது. இரும்பாலையின் புகையும் தெரிகிறது. அழகுதான். ஆனால் தண்ணீர் இல்லை. தார் வாசனை இல்லை. நடந்துகொண்டே இருந்தால் ஒரு இடத்தில் கடல் வந்து நம்மை நிறுத்தும் என்ற நிச்சயம் இல்லை.

வசந்தா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அந்தக் கோட்டைக் காப்பாற்று என்று நான் சொல்லவில்லை. குப்பத்துக்குத் தார் ரோடு வந்திருக்கலாம். குப்பமே வேறு இடம் போயிருக்கலாம். எனக்கு இங்கிருந்து தெரியாது. தெரியாததைப் போடக் கூடாது, தெரியாமல் அழிக்கவும் கூடாது. அதனால் கோடு இன்னும் ஒரு ஐப்பசி வரை இருக்கட்டும். முதல் மழை பெய்த மறுநாள் காலையில் போ. ஏழுமலை இன்னும் வேலையில் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போ. வழியெல்லாம் புலம்புவார், கேட்டுக்கொள். ரோட்டிலிருந்து இறங்கும் இடத்தில் கொஞ்சம் நில். கத்திச் சத்தம் கேட்கிறதா என்று பார்.

கேட்காவிட்டால் பிளேடை எடு. துணி பொத்துக்கொள்ளாமல் சுரண்டு.

கேட்டால், மேலே ஏறி நடுவில் நின்று தெற்கே திரும்பு. அரசமரம் முளைத்த புகைபோக்கி இன்னும் நிற்கிறதா, கோபுரம் எத்தனை புகைபோக்கிகளுக்கு நடுவில் இருக்கிறது, கடலில் கப்பல் காத்திருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது. பிறகு என் இனிஷியலுக்குப் பக்கத்தில் உன்னுடையதை வை.